ஸ்பீக்கர் இரைச்சல்

ஒக்டோபர் 9, திங்கள்

மத்தியானம் வரை வெயில். பிறகு இடியும் மழையும். கொள்ளுப்பிட்டியில் பஸ் இல்லை, நனைந்தபடி வந்தேன்.

அண்ணியின் சிடி மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. பாதிக்கு மேல் திறக்கவில்லை என்று கொட்டாஞ்சேனை அச்சக முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். இது இரண்டாவது. அடுத்த வருட நாள்காட்டி வேலை. ராகுகாலம், சுபநேரம், விரதம் எல்லாம் அண்ணி வீட்டிலிருந்தே டைப் செய்து சிடியில் எழுதிக் கொடுக்கிறா. பென் டிரைவை முதலாளி தொடமாட்டார். வைரஸ் வருமாம். இன்னொரு முறை பிழைத்து, திறக்காமல் போனால் வேலை வேறு ஆளுக்கு. அண்ணிக்கு இதை விட்டால் வேறு வேலை இல்லை.

பார்த்துத் தருகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்.

ஒக்டோபர் 10, செவ்வாய்

செய்தவை: லென்ஸ் துடைப்பு. வேறு கம்பனி சிடி. உள்ளே கேபிள் மாற்றம். எழுதும் வேகம் ஆகக் குறைந்தது.

பலன்: ஒன்றுமில்லை. ஒரு சிடி தொடக்கத்திலேயே நின்றது, இன்னொன்று முடிகிற தறுவாயில். ஒரே இடத்தில் பிழைத்தால் டிரைவில் பழுது எனலாம். இது நினைத்த நேரம் நினைத்த இடத்தில் பிழைக்கிறது. வெளியிலிருந்து ஏதோ குழப்புகிறது. கரண்டாக இருக்கலாம்.

கெட்டுப்போன சிடிகளை அண்ணி கோப்பைக்குக் கீழே வைக்க எடுத்துக்கொண்டா.

ஒக்டோபர் 12, வியாழன்

கரண்ட்தான் என்று நிச்சயம் செய்துகொண்டேன். பிளக்கைக் கழற்றினால், சுவரில் மூன்றாவது ஓட்டைக்குள் பேனை மூடி. இரண்டு கம்பிப் பிளக் போவதற்காக யாரோ குத்தி வைத்தது. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான். கொம்பியூட்டர் எர்த் இல்லாமல் ஓடியிருக்கிறது. புது வயர், புது பிளக் போட்டேன். பெருமையாக இருந்தது. ஆனால் சிடி மறுபடியும் பிழைத்தது.

அடுத்த சந்தேகம் கீழ்மாடித் தண்ணி மோட்டர். காவலுக்கு இருக்கும் வாச்சரிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் கொஞ்சம் அதிகாரமாகவே கதைத்தேன். பாவம், மறுபேச்சில்லாமல் நிற்பாட்டினார். சிடி அப்போதும் பிழைத்தது. மேல்மாடி ஐயா முகத்தில் சவர்க்கார நுரையோடு இறங்கி வந்தார். அவரிடமும் மன்னிப்பு, வாச்சரிடமும் மன்னிப்பு.

ஒக்டோபர் 14, சனி

லீவு. எழுதி முடியும்வரை பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். முக்கால்வாசி போய்விட்டது. திடீரென்று ஸ்பீக்கரில் டிர்-டிர், டிர்-டிர் என்று இரைச்சல். அடுத்த கணம் டிரைவ் விக்கி நின்றது.

அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வந்து போனைப் பார்த்தா. பெல் அடிக்கவில்லை. திரும்பிப் போனா.

அப்போதுதான் போன் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. சூடு என்று அண்ணி கொம்பியூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியே வைத்திருக்கிறா. திறந்து கிடக்கும் டிரைவின் மேல், ஜன்னலைப் பார்த்தபடி, திருநீறு பூசிய போன். இந்த வீட்டில் சிக்னல் பிடிப்பது அங்கே மட்டும்தான். அதுவும் அரைகுறையாக. சிக்னல் குறைந்தால் போன் டவரைக் கூப்பிட்டுக் கத்தும். அந்தக் கத்தல்தான் டிரைவைக் குழப்புகிறது.

எழுதி முடிகிற வரைக்கும் போனை நிற்பாட்டி வைப்போம் என்றேன்.

“நிப்பாட்டேலாது தம்பி.”

கொஞ்ச நேரம்தானே என்றேன். அன்றைக்கும் கொஞ்ச நேரம்தானே கோயிலுக்குப் போனனான் என்றா.

அம்மாவைக் கூட்டி வர வன்னிக்குப் போன அண்ணா, சண்டையில் பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டுவிட்டார். அங்கே ஒரு கோல் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். அப்படி நின்று எடுத்த கோல், அண்ணி போனை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போன நேரம் வந்தது. வந்து பார்த்தால் மிஸ்ட் கோல். அதற்குப் பிறகு அழைப்பே இல்லை. அண்ணி கோயிலுக்கும் போவதில்லை.

அப்படியென்றால் ஸ்பீக்கரையாவது நிற்பாட்டுங்கள், தலையிடிக்கிறது, எந்த நேரமும் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

“அந்த இரைச்சல் வந்தாப் பிறகுதான் பெல் அடிக்கும். அவர் கடைசியா எடுத்துக் கதைச்ச அண்டைக்கும் முதல்ல அதுதான் கேட்டது. அதை மட்டும் இல்லாமப் பண்ணிப் போடாதேங்கோ.”

நான் கோளாறு என்று தேடித் திரிந்ததைத்தான் இந்த மனுசி காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறா. எனக்கும் அண்ணாவை நினைத்தால் பயம்தான். அலுவலகம், பஸ், பத்திரிகை என்று அதை மறந்து திரிகிறேன். அண்ணிக்கு அப்படி மறக்க ஒரு இடமில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

போனை அசைக்க முடியாது. ஆகவே கொம்பியூட்டரை அசைத்தேன். பெட்டி, திரை, மேசை எல்லாம் அடுப்படிக்கு. இனி மிளகாய்த் தூளுக்குப் பக்கத்தில் ராகுகாலம். பெட்டிக்கு மூடியும் போட்டாயிற்று.

ஜன்னலடியில் போன். அதன் பக்கத்தில் ஸ்பீக்கர், கரண்டில் மட்டும். கொம்பியூட்டரோடு தொடுப்பில்லாமல் அது எப்படி இரையும் என்று அண்ணி நம்பவில்லை. அண்ணி அடுப்படியில் நிற்கும்போது வாசலுக்கு வெளியே நின்று என் போனிலிருந்து கூப்பிட்டேன். இரைச்சல் முதலில், பெல் பிறகு. சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன், இருந்தும் ஓடி வந்தா. என் பெயரைப் பார்த்ததும் சிரித்தா. அந்தச் சிரிப்புக்குப் பிறகு இன்னொருமுறை சோதிக்க மனம் வரவில்லை.

சிடி முதல் தடவையிலேயே எழுதியது. தையிலிருந்து மார்கழி வரை திறந்து பார்த்தோம். எல்லாம் இருக்கிறது.

ஒக்டோபர் 17, செவ்வாய்

அரை நாள் லீவு. சிடியோடு கொட்டாஞ்சேனை. வழியில் சோதனைச் சாவடி. உள்ளே என்ன என்றார்கள். அடுத்த வருடக் கலண்டர் என்றேன். ஒருவன் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் முகத்தையும் அதில் பார்த்துவிட்டுத் தந்தான். முதலாளிக்குத் திருப்தி. வேலை அண்ணிக்கே.

பின்னேரம் மழை. அண்ணி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. ஸ்பீக்கர் இரைந்தது. இருவரும் ஓடினோம். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். போன் கம்பனியின் விளம்பர மெசேஜ். அண்ணி மாக்கையோடு வாங்கிக் கடைசி வரி வரை வாசித்தா.

“லைன் வேலை செய்யுது, அதுவே காணும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனா.

ஸ்பீக்கரின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன்.