பார்படோஸில் யார் சமைப்பது?

8 ஜனவரி 2006, ஞாயிறு

இங்கே நோர்வேயில், ரொம்மனில், காலையில் சைபருக்குக் கீழே பதினொன்று. பல்கனிக் கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. தமிழ்ப் பாடசாலைக் கட்டுரை இன்னும் பாதியில் ('நீர்வளம்', இரண்டு பக்கம்). அதை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இன்று அப்பா ஓம் சொல்லிவிட்டார்.

பார்படோஸ்! ஈஸ்டர் விடுமுறை. ஒரு கிழமை. அப்பா, அம்மா, தங்கை மதுரா, நான். வேறு ஒருவரும் இல்லை.

எப்படி நடந்தது என்று ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். மார்கழியிலிருந்து அம்மாவின் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. காலையில் முதியோர் இல்லத்துச் சமையலறை. பின்னேரம் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. பிறகு எங்கள் சமையலறை. டொக்டரிடம் நானும் கூடப் போயிருந்தேன். மாத்திரை எழுதித் தந்துவிட்டு, 'சூடான இடம் ஒன்றுக்குப் போய் ஒரு கிழமை ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தால் இதைவிட நல்லது' என்றார். அம்மா சிரித்தார். டொக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே நூலகத்துக்குப் போய்ப் பயணப் புத்தகம் எடுத்துவந்தேன்.

ஏன் பார்படோஸ்: சின்னத் தீவு, அலை அடிக்காத கடல், எங்களுக்கு அங்கே ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. இதுதான் முக்கியம். இதுவரை நாங்கள் போன 'விடுமுறை' எல்லாம்: லண்டன் (மாமா வீடு), ஸ்டுட்கார்ட் (கலியாணம்), பாரிஸ் (சித்தப்பா வீடு). ஈபிள் கோபுரத்தைக் கார் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். சித்தப்பா வீட்டுச் சமையலறையை ஐந்து நாள் பார்த்தேன்.

அப்பாவைச் சம்மதிக்கவைப்பது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"பார்படோஸோ? அங்கை பந்து முகத்துக்கு எழும்பும் பிள்ளை. சின்னனிலை விடிய விடிய ரேடியோவிலை கிரிக்கெட் கேட்டனாங்கள்."

எங்கள் வகுப்பாசிரியருக்கே வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. பஸ் ஓட்டும் என் அப்பாவுக்கு ஜமெய்க்கா, அன்ரிகுவா, ட்ரினிடாட் எல்லாம் தெரியும். அங்கே மனிதர்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள் என்பதுதான் தெரியாது போலிருக்கிறது. மைதானம் மட்டும்.

செலவு: அம்மா பிடித்த சீட்டு இந்த மாதம் அவருக்கு விழுந்தது. ஆகவே இது அம்மாவின் காசு, அம்மாவின் ஓய்வு.

11 ஜனவரி, புதன்

கணக்குப் பரீட்சை, பரவாயில்லை. நேற்று ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு அப்பாவோடு. பயண முகவர் கடைப் பெண் மிக நல்லவர். சின்ன ஹோட்டல், மூன்று நேரச் சாப்பாடும் சேர்த்து. அறைக்கு வெளியே சாய்வுக் கதிரை. 27ஆம் திகதி வெள்ளிவரை எங்களுக்காகப் பிடித்துவைக்கிறாராம். அதற்குள் உறுதி சொல்ல வேண்டும்.

வகுப்புத் தோழி சில்யாவிடம் கேட்டேன், அவர்கள் வீட்டில் ஈஸ்டருக்கு மலைக்குடிசைக்குப் போய் என்ன செய்வார்கள் என்று. "ஒன்றுமில்லை" என்றாள். ஒன்றுமில்லை என்றால்? தோடம்பழம் சாப்பிடுவது, வெயிலில் சுவரோடு சாய்ந்திருப்பது. அவளுடைய அம்மாவுமா? அவளுடைய அம்மாவும்.

அம்மாவுக்குப் பழக்கம் வேண்டும் என்று இன்று பின்னேரம் சோபாவில் படுக்கவைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், படுத்தபடியே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். இடது கையால்.

15 ஜனவரி, ஞாயிறு

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

நேற்றுப் பொங்கல். அதற்காக இன்று ரொறன்ரோவுக்குத் தொலைபேசி. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா (இனிமேல் பெ.மா., கை வலிக்கிறது). அப்பாதான் முதலில் கதைத்தார். நான் சைகை காட்டினேன், பார்படோஸ் கதையை எடுக்கவேண்டாம் என்று. எடுத்துவிட்டார். "சொல்லாமல் போனால் நாளைக்குக் குறை நினைப்பினம்" என்று பிறகு விளக்கம்.

எடுத்தது மட்டுமில்லை. கடைசியில், "நீங்களும் வாங்கோவன்" என்றார்.

இதை எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான். போனை வைப்பதற்கு முன்னால் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. பெ.மா. எங்களைக் கனடாவுக்கு வரச்சொல்லிக் கேட்காத தொலைபேசியே இல்லை. 'ஓம், ஓம், பாப்பம்' என்போம். போனதில்லை. அவரும் அப்படித்தான் சொல்வார் என்று அப்பா நினைத்திருக்கிறார்.

ஸ்பீக்கரில் பெ.மா.வின் குரல்: "எத்தினையாந் திகதி?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் திறந்தபடி. அம்மா போனைப் பறித்து, "ஓம் அக்கா, கட்டாயம் வாங்கோ, எவ்வளவு சந்தோசம்!" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார், அது உண்மை. பதினொரு வருடமாக இரண்டு பேரும் நேரில் காணவில்லை.

பெ.மா., பெரியப்பா, இரண்டு அண்ணாமார். பெரியப்பாவின் தம்பி குடும்பமும் 'சும்மாதானே இருக்கினம்' என்று வரக்கூடுமாம்.

18 ஜனவரி, புதன்

கரைந்த பனி, சேறு. சப்பாத்துக்குள் தண்ணீர். பெ.மா. மறுபடி எடுத்தார். நாட்காட்டி பார்த்தாராம். ஏப்ரல் 14 சித்திரை வருடப்பிறப்பு. அந்தக் கிழமைக்குள் வருகிறது.

"வருசத்துக்கு ஹோட்டல் சாப்பாடோ, தங்கச்சி? வீடொண்டு எடுப்பம். குசினியோடை."

"ஓம் அக்கா, அதுதான் நல்லது. நானே சொல்லவேணும் எண்டிருந்தனான்."

எங்கே நினைத்திருந்தார்! அம்மா வருடப்பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை இதுவரை. அப்பா மட்டும் பாட்டுப் பாடாத குறை. "ஹோட்டலிலை பருப்பு வைப்பானே? மூண்டாம் நாள் நாக்குச் செத்துப்போகும்."

பயணப் புத்தகம் கொண்டுபோகச் சொல்வது: தொப்பி, வெயில் களிம்பு, வாசிக்க ஒரு நாவல்.

எங்கள் வீட்டில் இன்று முடிவானது: ரைஸ் குக்கர், புட்டுக் குழல், அம்மா வறுத்து இடிக்கும் தூள் (இரண்டு வீட்டுக்கும் போதுமானதாக), பயறு, சர்க்கரை, பூசைக்குக் குத்துவிளக்கு சின்னது.

யார் இடிப்பது? அந்தத் தோளா?

21 ஜனவரி, சனி

தமிழ்ப் பாடசாலை முடிய அம்மாவோடு ஸ்ட்ரோம்மன். முகவர் பெண் ஹோட்டலுக்குப் பதிலாக ஒரு பெரிய வீட்டின் படம் காட்டினார். மிகப் பெருமையாக: ஆறு அடுப்பு, இரண்டு குளிர்சாதனப் பெட்டி. கடல் எங்கே என்று கேட்டேன். சமையலறை யன்னலால் தெரியுமாம்.

அம்மா படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அடுப்பு நல்ல பெரிசு." அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு உண்மையா விருப்பமோ?"

"அக்கா ஹோட்டல் சாப்பாடு தொடமாட்டா, பாவம். அதுவும் வருசம் பிறக்கிற அண்டு. எனக்கெண்டால் ஒரு பாண் துண்டு காணும்."

"அப்ப நீங்கள்தானே சமைக்கவேணும்."

"எல்லாருமாச் சேந்து செய்யிறது. கதைச்சுக் கதைச்சுச் செய்தால் வேலை தெரியாது. இப்ப சும்மா இரு, சனம் பாக்குது."

சனம் பார்க்கவில்லை. இரண்டு நோர்வேஜியர், ஒரு நாய்.

புதன்கிழமைக் கோபத்தில் நீர்வளக் கட்டுரையில் கங்கையை இலங்கைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்று ஆசிரியர் சிவப்பால் சுற்றித் தந்திருக்கிறார்.

23 ஜனவரி, திங்கள்

செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தால் வந்ததும், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், போன் கார்ட்டைச் சுரண்டி ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அங்கே காலை. வசனங்களை முன்பே தமிழில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"பெரியம்மா, நான் ஆரணி கதைக்கிறன்."

"ஆரணியோ? ஐயோ, என்ன பிள்ளை? அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லை, ஒண்டுமில்லை. அம்மாவுக்குத் தோள் நோ. அதுக்காகத்தான் இந்தப் பயணமே. டொக்டர் சொன்னவர். அம்மா ஒரு கிழமை ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாமல் இருக்கவேணும். வீடு எடுத்தால் அம்மா சமைப்பா. நீங்கள் ஹோட்டலுக்கு வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி..."



பெ.மா.வுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் திறந்து மூடும் சத்தம்.

"இது அம்மா சொல்லச் சொன்னவவோ?"

"இல்லைப் பெரியம்மா. சத்தியமா."

"சரி. வை பிள்ளை."

சரியானதைத்தான் சொன்னேன். மரியாதையாகவும் சொன்னேன். 'வாங்கோ' என்றுதானே சொன்னேன்.

24 ஜனவரி, செவ்வாய்

பெரியப்பா அப்பாவுக்கு எடுத்தாராம், பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது. "நாங்கள் வரேல்லை, நீங்கள் குடும்பமாப் போட்டு வாங்கோ." குடும்பமாக என்ற சொல்லை அழுத்திச் சொன்னாராம்.

அப்பா வந்து சப்பாத்துக் கழற்றாமலே கத்தினார்.

"பெரியாக்களின்ரை கதைக்குள்ளை உனக்கென்ன வேலை? இனி நான் அண்ணையின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? புத்தகம் வாசிச்சால் எல்லாம் தெரியுமெண்ட நினைப்பு!"

மதுராவுக்கு ஆறு வயது. "அக்கா கூடாது" என்று கூடச் சேர்ந்து சொன்னாள். அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. சாப்பாடு போட்டுத் தந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அறைக்குள் போய் அக்காவுக்கு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று தரம்.

"நான் ஒரு இடமும் வரேல்லை" என்றார் வெளியே வந்து. "சீட்டுக் காசிலை சோபா மாத்துவம்."

அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று தொடங்கினேன். இப்போது ஓய்வும் இல்லை, அக்காவும் இல்லை. சோபா.

26 ஜனவரி, வியாழன்

நோர்வேஜிய மொழிப் பரீட்சை: தலைப்பு 'நான் பெருமைப்படும் ஒரு செயல்'. வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சைக்கிள் ஓடப் பழகியதை எழுதினேன்.

நாளை வெள்ளி. முகவர் பெண் காத்திருக்கும் கடைசி நாள்.

பின்னேரம் பெ.மா. எடுத்தார்! அம்மா போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். முதலில் அழுகை. நான் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன் (ஒட்டுக்கேட்பது தவறு, தெரியும்). பிறகு நெடுநேரம் 'ம்... ம்...'. பிறகு அம்மா சொன்னது:

"நீங்கள் சாப்பிடமாட்டியள் எண்டெல்லோ அக்கா நான் குசினிக்கு ஓமெண்டனான்!"

பிறகு சிரிப்பு. அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, மூச்சு வாங்க, சுவரில் தட்டித் தட்டி.

விளங்கியது இவ்வளவு: பெ.மா.வுக்கும் சமைக்க விருப்பமே இல்லை. அவருக்கும் முழங்கால் நோ. தங்கச்சி குடும்பம் வருடப்பிறப்பன்று ஹோட்டலில் சாப்பிடுவதைக் குறைவாக நினைக்கும் என்று அவர் குசினி கேட்டிருக்கிறார். அக்காவுக்காக அம்மா ஓம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் மற்றவருக்காக ஆறு அடுப்பில் நின்று வேகத் தயாராக இருந்திருக்கிறார்கள். நான் எடுக்காவிட்டால் அப்படியே வெந்திருப்பார்கள்.

அம்மா வெளியே வந்து முகம் கழுவினார். நான் எழும்பி நின்றேன், பாராட்டுக்கு. நெற்றியில் ஒரு முத்தம் தந்தார். பிறகு அப்பாவிடம்:

"இஞ்சேருங்கோ, நாளைக்கு அந்த ஹோட்டலையே சொல்லுங்கோ. ஒரு றூம் காணும்."

"ஒரு றூமிலை எப்பிடி எல்லாரும்?"

"எல்லாரும் இல்லை. நானும் அக்காவும்."

27 ஜனவரி, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்றும் எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கிறது.

பெ.மா.வின் வாதம் இதுவாம்: "இதுகளையும் இழுத்துக்கொண்டு போனால் அது ஓய்வோ? இடம் மாறின வேலை." நான் சொன்னேன், நான் அம்மாவிடம் ஒன்றும் கேட்கமாட்டேன், மதுராவையும் நானே பார்ப்பேன், கண்ணுக்கே தெரியாமல் ஒரு மூலையில் வாசித்துக்கொண்டிருப்பேன் என்று.

"நீதானே பெரியம்மாவுக்குச் சொன்னனி, ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாமல் இருக்கவேணும் எண்டு."

சொன்னேன். 'ஒருத்தருக்கும்' என்று சொன்னபோது என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை.

அப்பாவின் கவலை வேறு. "வருசப்பிறப்பு அண்டு வீட்டிலை பொம்பிளை இல்லாமலோ?"

"ஆரணி இருக்கிறாள். பொங்கல் நான் சொல்லிக் குடுக்கிறன். நீர் அண்டைக்கு டியூட்டி போடாமல் நில்லும்."

அம்மா அப்பாவை 'நீங்கள்' என்பதை விட்டு 'நீர்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. போய் உறுதி சொல்லிவிட்டு வந்தார். எங்கே கடற்கரை இருக்கிறது, எந்தப் பஸ் போகும், என்ன மீன் பேர்போனது, எல்லாம் எனக்குத்தான் தெரியும். நான் ரொம்மனில் பயறு வறுக்கப்போகிறேன்.

சந்தோசப்பட வேண்டும். நான் கேட்டதே நடந்திருக்கிறது. நாளைக்குச் சந்தோசப்படுகிறேன்.

28 ஜனவரி, சனி

சந்தோசப்படவில்லை. காலையிலிருந்து அம்மாவோடு கதைக்காமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை என்பது இன்னும் மோசம். மத்தியானம் "வா, ஸ்ட்ரோம்மனுக்குப் போட்டு வருவம்" என்றார். நீச்சல் உடுப்பு வாங்க. அம்மாவிடம் இதுவரை ஒன்று இருந்ததில்லை. எங்களை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போனால் கோட்டோடு ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

கருநீலத்தில் மூன்று எடுத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குள் போனார். நெடுநேரம். தோள் எழும்பாததால் கஷ்டம் போல. உதவி வேண்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"ஆரணி. வெளியிலை ஆரும் நிக்கினமோ?"

ஒரு நோர்வேஜியப் பெண் நின்றார். இல்லை என்றேன்.

திரை ஒரு சாண் விலகியது. "கெதியாப் பார்."

அம்மாவின் முழங்காலை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வெளுத்து, சின்னதாக, யாரோ வேறு ஒருவருடைய முழங்கால் போல. ஒரு கையால் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் மட்டும் குறும்பு, மதுரா ஒளித்து விளையாடும்போது வருவது போல.

"வடிவோ? உண்மையைச் சொல்லு."

"வடிவு." உண்மைதான். அதனால்தான் எரிச்சல்.

"அப்ப இதிலை இன்னொண்டு எடுத்துக்கொண்டு வா, அக்காவுக்கு. ஒரு சைஸ் பெரிசு."

கருநீலத்தில் அந்தச் சைஸ் இல்லை. சிவப்பில் இருந்தது, பெரிய வெள்ளைப் பூப் போட்டது. அதையே எடுத்துக்கொண்டு போனேன்.