ஆறாம் படி வரை

காவல் நாள் 357
ஆகஸ்ட் 3, 2049. காலை 6.10

காலில் மாட்டிய காவல் பட்டையின் மின்னேற்றம் 94 விழுக்காடு. நாடி 78. எல்லை மீறல் இல்லை. மழை.

எழுதுவது பொங்கியண்ணன், வயது 71, மோட்டார் காயில் கட்டுபவன். சாயப்பட்டறையின் கழிவுக் குழாயை சிமென்ட் போட்டு அடைத்தேன். சிறைக்குப் பதில் ஓராண்டு வீட்டுக்காவல். மீதி எட்டு நாள். குழாயை அடைத்தது சரிதான்.

எல்லை, வாசல் முதல் மாடிப்படியில் ஆறாம் படி வரை. மொட்டை மாடியிலிருந்து பட்டறை தெரியுமாம், அதனால் மாடி தடை. தாண்டினால் பட்டை என்னை இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிடும். ஓராண்டும் மறுபடி முதலிலிருந்து.

காலை 9.40

அணையைத் திறந்துவிட்டார்கள். காவிரி கூடத்துக்குள் முழங்கால் அளவு. முகாமுக்குப் போகும் கடைசி டிராக்டரிலிருந்து எதிர்வீட்டுச் சென்னியப்பன் போனில் கத்தினான்.

"ஏனுங்க மாமா, வீம்பு புடிக்கற நேரமாங்க இது? தூக்கிப் போட்டுக்கறம், வாங்க!"

போகவில்லை. எட்டே நாள் இருக்கும்போது, பட்டை மாட்டியவர்களிடம் தோற்க மாட்டேன்.

பகல் 11.25

ஆறாம் படியில் நிற்கிறேன். தண்ணீர் இடுப்பில். பட்டையோடு தந்த பேசி கழுத்தில் தொங்குகிறது. அதில் கண்காணிப்பு அலுவலர் மேகலா.

"ஐயா, மாடிக்குப் போயிருங்க!"

"எல்லையத் தொறந்து உடு அம்மிணி."

"எப்படீங்க தொறக்கறது? மனுசங்க யாரும் எல்லையில கை வெக்கக் கூடாதுன்னு மனுப் போட்டு ஜெயிச்சது நீங்கதானுங்களே!"

உண்மை. மனு எண் 36. மார்ச்சில் மேகலா என்னைக் கேட்காமல் கொல்லைப்புறத்தை எல்லையிலிருந்து வெட்டிவிட்டார். வக்கீல் வைக்காமல் நானே வாதாடி வென்றேன். தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அது இப்போது தண்ணீருக்கடியில்.

பகல் 11.50

ஏழாம் படியில் கால் வைத்தேன். இரண்டு காலும் மரத்துப் போயின. கையால் இழுத்து ஏறப் பார்த்தேன். பிடிக்கக் கம்பி இல்லை. வழுக்கி ஆறாம் படிக்கே வந்தேன். உணர்வு திரும்பப் பத்து நிமிடம். அதற்குள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டேன்.

பட்டையை வெட்டும் கட்டிங் பிளேயர் கீழே மேசை டிராயரில்.

பகல் 12.20

மார்பு வரை. நோட்டைத் தலைக்கு மேல் பிடித்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. இந்தச் சொல்லை இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை.

பேசியில் உரக்கச் சொன்னேன், மனு 36-ஐ வாபஸ் பெறுகிறேன் என்று. மேகலாவின் குரலை மறித்து இயந்திரம் பேசியது.

"மனு பெறப்பட்டது. ஒப்புகை எண் 41. பரிசீலனை ஏழு வேலை நாட்களில்."

பிறகு மேகலா, அழுகையோடு. "படகு கெளம்பிருச்சுங்கய்யா. கெட்டியாப் புடிச்சுக்கங்க."

எதை?

12.38

நாடி 131. இப்போது எல்லை மீறல் இல்லை.

தண்ணீர் தாடையில். நோட்டைப் பாலித்தீனில் சுற்றி மாடிக்கு எறியப் போகிறேன். எடுப்பவர் கவனத்துக்கு. குழாயை அடைத்தது சரி. மனு 36 தவறு. இரண்டையும் பதிந்துகொண்டு ஒப்புகை தரவும். பேசி சொல்கிறது, "எல்லைக்குள் இருப்பதற்கு நன்றி." கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிற