பத்தாவது வாட்சும் பல்லியும்

தம்பி,

கண்புரை எடுக்கக் கிளம்பிவிட்டேன். சூப் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக் குடி. வெளியே போனால் பூட்ட, சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

நாலு மணிக்கு வாட்ச் வியாபாரி, தங்க முள் வைத்த பத்தாவதைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம். உனக்கு வயது எழுபத்திரண்டு, கை இரண்டு. "உனக்கு ரசனையே கிடையாதுண்ணா"ன்னு காலையில் சொன்னாய். வாஸ்தவம்தான். கை அசைவில் ஓடி, கட்டாமல் வைத்தால் நின்றுபோகும் வாட்சுகளைச் சுற்றிச் சுற்றி ஆட்டிவிட ஒரு கரண்ட் பெட்டி வாங்கினாயே, அந்த ரசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

போன மாதம் அந்தப் பெட்டிக்குள் ஒரு பல்லி மாட்டிக்கொண்டது. எட்டு நாள் சுற்றியது. தொப்பை கரைந்து வெளியே வந்து, சுவரில் ஓட்டமாக ஏறியது. இந்தப் புரை விழுந்த கண்ணாலேயே பார்த்தேன்.

உன் நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர், தினம் அரைமணி நேரம் நடக்கச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. நீ இன்னும் வாசற்படி தாண்டவில்லை. வாட்ச் ஆடுகிறது, நீ சோபாவில் கிடக்கிறாய்.

பெட்டியின் வயரை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன், தேடாதே. இரண்டு நாளில் ஒன்பதும் நின்றுவிடும். ஒன்றைக் கட்டிக்கொண்டு கை வீசி நடந்தால் அது ஓடும். நீயும் ஓடுவாய்.

அண்ணன்

மறந்துவிட்டேன்: நாலு மணிக்கு என்னை வெளியே விடுவார்கள். கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். மூன்று தெருதான், நடந்தே வா. மணி பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.