ஹாவோத் வீட்டு வில்லியம் ஜோன்ஸின் கல்லறையை அடையாளம் காட்டக் கோருதல்

அனுப்புநர்:
வில்லியம் ஜோன்ஸ் (இளையவர்),
ஹாவோத் வீடு, பென்கார்த், வட வேல்ஸ்.

பெறுநர்:
திரு. எம்ரிஸ் ஜோன்ஸ் அவர்கள்,
கல்லறைத் தோட்ட அலுவலர், பென்கார்த் ஊர்மன்றம்.

பொருள்: சிமெண்டுக்குள் போன வீட்டுப் பெயரை வெளியே எடுத்துத் தருவது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்களும் ஜோன்ஸ்தான், ஆகவே விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு ஜோன்ஸ் மேல்தான் விழும். ஆளை வீட்டுப் பெயரால்தான் அறிவோம். என் தகப்பனார் ஹாவோத் வில்லியம். அவர் வேலை செய்த ஸ்லேட் கல் குவாரியில் அவர் தும்மினால், வெடி வைத்துவிட்டார்கள் என்று அடுத்த மலையில் ஆட்கள் ஓடுவார்கள். இதற்கு நிறையச் சாட்சிகள் இருந்தார்கள். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2. சாய்ந்த கற்கள் யார் தலையிலும் விழக்கூடாதென்று சென்ற வருடம் தங்கள் ஆட்கள் அவற்றை ஆழமாக இறக்கி சிமெண்ட் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டுப் பெயரையும் வருடத்தையும் கல்லின் அடியில் பொறிப்பது எங்கள் வழக்கம். இப்போது வெளியே தெரிவது வெறும் பெயர். வில்லியம் ஜோன்ஸ் என்று ஏழு கற்கள் நிற்கின்றன. என் ஞாபகசக்தியை மாவட்டமே மெச்சும். ஆனால் நான் அடையாளம் வைத்திருந்த மரத்தையும் வெட்டிவிட்டார்கள்.

3. என் தம்பி இயூவான் சிறு வயதிலேயே ஆஸ்திரேலியா போனவன், அங்கேயே காலமானான். அப்பாவோடு வைக்கச் சொல்லிக் கடைசியில் கேட்டானாம். அவன் மகள் ஹெலெத் சாம்பலைச் சுமந்து வந்திருக்கிறாள். அது என் சமையலறை அலமாரியில், தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் கெண்டியை எடுக்கிறேன்.

4. தங்கள் அலுவலகப் பெண்மணியிடம் கேட்டதற்கு, "ஏழு பேர்ல உங்க அப்பா யாருன்னு நீங்களே காட்டுங்க மாமா, நாளைக்கே குழி வெட்டிடலாம்" என்றார். "அதை உங்க சிமெண்டுகிட்டதான் கேக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5. ஞாயிறன்று ஹெலெத் ஏழு கற்களுக்கும் ஆளுக்கொரு பூ வைத்தாள். "ஒண்ணாவது தாத்தாவுக்குப் போய்ச் சேரும்ல, பெரியப்பா?" என்றாள்.

அவள் வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறாள். அதற்குள் அந்த ஏழு கற்களின் அடியிலுள்ள சிமெண்டை உடைத்துப் பார்க்க உத்தரவிட வேண்டும். கடப்பாரை நானே கொண்டுவருகிறேன், வாலிபர் இருவர் வேலையை இன்றும் ஒற்றைக் கையால் செய்வேன்.

இன்னொன்று, ஐயா. எனக்குப் பிள்ளைகள் இல்லை, என் பெயரும் வில்லியம் ஜோன்ஸ். என்னைத் தூக்கி வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டார் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கருணை கூர்ந்து அந்த ஒரு வரியை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இடம்: பென்கார்த்
நாள்: மார்ச் 12

தங்கள் உண்மையுள்ள,
ஹாவோத் வில்லியம்