பேனல் நிழலில் இருந்தவள்

சிவகாசி,
புரட்டாசி முதல் சனிக்கிழமை.

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் செழியனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் மாத்திரை சொன்னபடி கேட்கின்றன, ஆனால் சுகம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீயும் உன் அண்ணனும் நாற்பது வார்த்தை பேசி என் வாயை அடைத்துவிடுகிறீர்கள், அதனால்தான். செழியனுக்குக் காதுவலி விட்டதா, தலைக்கு ஊற்றினால் காதை உடனே துணியால் ஒற்றி விடு, சொட்டு மருந்தை நீயாக வாங்கி ஊற்றாதே. நீயும் மூன்று நாள் குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுவதை விடு.

போன வாரம் நடந்ததைச் சின்ன விபத்து, நம் பட்டாசு ஃபேக்டரிக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று உன் அண்ணன் ஸ்ரீராம் உன்னிடம் சொல்லியிருக்கிறான். சம்பந்தமில்லாத இடம் இல்லை. நம் ஃபேக்டரியின் பின்பக்கம், சோலார் பேனலுக்கு அடியில். உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது இருபது நாளும் ஃபேக்டரியிலேயே கிடந்து அறைக்கு அறை கேமரா வைத்துக் கொடுத்தாய். வெடிமருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஐந்தாவது ஆள் காலை வைத்தால் மணி அடிக்கும், கேட்டில் முகத்தைப் பார்த்து அதுவே வருகை பதியும், மனிதரை ஏமாற்றலாம் இதை ஏமாற்ற முடியாது என்றாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உன் அண்ணன் பின்பக்கத்துக் கரிசலில் ஆளுயரத்துக்கு மேல் கம்பி நட்டு வரிசையாகப் பேனல் நிறுத்தினான், ஃபேக்டரிக்குப் போக மிச்சக் கரண்டை விற்கவும் செய்தான். வெயிலில் ஓடும் ஃபேக்டரி, கம்ப்யூட்டர் காவல் காக்கும் ஃபேக்டரி என்று விருதுநகர் ரோட்டில் போர்டு வைத்தான். சென்னைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டு அவார்டு கொடுத்தார்கள், மற்ற முதலாளிமார் கார் போட்டு வந்து பார்த்துவிட்டுத் தாங்களும் வைக்கப்போவதாகச் சொல்லிப் போனார்கள். ஆனால் முதல் மாதம் முழுக்க அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆர்டரைக் குறைத்திருந்தால் நின்றிருக்கும். யாருக்கு மனம் வரும். அறைக்கு மிஞ்சிய ஆட்களைப் பேனல் நிழலில் சாக்கு விரித்து உட்கார வைத்துப் பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து செலுத்தச் சொன்னான். அவர்களுக்குத் தனி வேன், பின்பக்கத்துத் தகரக் கதவு வழியாக வருவார்கள், அங்கே கேமரா கிடையாது. மணி நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் தினமும் எல்லா அறைக்கும் பச்சை விளக்கு. அந்தப் பச்சையைத்தான் நீ உன் ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினாய்.

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் அந்த நிழலில் மருந்து பற்றிக்கொண்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நாலு மாதமாகப் பேனலடிக்கு மாற்றப்பட்டிருந்த தாயில்பட்டி முருகேஸ்வரி மடியில் சட்டியோடு உட்கார்ந்திருந்தவள், எழுந்திருக்க முடியவில்லை. உனக்கு அவளைத் தெரியும், பதினாலு வருஷமாக நம்மிடம் இருப்பவள், ஆயுதபூஜைக்குச் சேலை வாங்கும்போது கரை பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுப்பாளே, அவள்தான். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோய்விட்டது. மறுநாள் உன் அண்ணன் ஒரு தாள் கொண்டுவந்து நீட்டினான். முருகேஸ்வரி நம் தொழிலாளி இல்லை, நாலு மாதமாக வேலைக்கே வரவில்லை, அன்று பின்பக்கமாக அத்துமீறி நுழைந்தவள் என்று எழுதியிருந்தது, கூடவே கம்ப்யூட்டர் கொடுத்த வருகைப் பட்டியல். அப்பா போன பிறகு லைசென்ஸ் என் பெயரில் இருப்பதால் கையெழுத்து நான் போட வேண்டுமாம். அத்துமீறி நுழைந்தவளா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இல்லாத ஆளுக்கு நாம எப்படிம்மா பொறுப்பாக முடியும் என்றான். பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அன்று சாயங்காலம் நீ போன் செய்து, டேட்டா தெளிவா இருக்கும்மா, யோசிக்காம கையெழுத்துப் போட்டுருங்க என்றாய். அவன் சொன்னதைக் கூட ஒரு பயந்தவன் பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன், நீ அதைச் சொன்ன குரல்தான் காதை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஃபோர்மேன் சோலைச்சாமியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர், முதலாளி சொன்னாக, நான் உக்கார வச்சேன், எம்புட்டுப் பெரிய பாவம் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். முருகேஸ்வரி கைகளைத் துணி சுற்றித் தூக்கி வைத்திருந்தார்கள், முகத்தில் உட்கார்ந்த ஈயை அவள் மகள் விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முருகேஸ்வரி எழுந்திருக்கப் பார்த்தாள். எம்மா, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக, சாப்பிட்டீகளா என்று கேட்டாள். கீர்த்திகா, அவள் அதைத்தான் முதலில் கேட்டாள். பிறகு சும்மா விசாரிப்பது போல, நான் அங்கன இல்லவே இல்லைன்னு மிசினு சொல்லுதாம்ல, அப்ப இந்தக் கை எங்கன வெந்துச்சுன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்கம்மா என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இதில் என்னை நான் விட்டுவிடப் போவதில்லை. பேனலுக்கு அடியில் ஆள் இருப்பது எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் அங்கே அனல் அடிக்கிறது என்று ஃபேக்டரிக்கு அனுப்பும் மோரில் அவர்களுக்கென்று தனியாக ஒரு பானை நானே உப்பும் பெருங்காயமும் போட்டு அனுப்பினேன், புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு. மருந்துக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு மோர் கொடுத்திருக்கிறேன். உன் அண்ணனைப் பார்க்கிறபோது வருகிற அருவருப்பு கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போதும் வருகிறது. அதனால் நேற்றுக் காலை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குப் போய் அவன் கொடுத்த தாளைக் கொடுக்காமல் நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முருகேஸ்வரி எங்கள் தொழிலாளி, எங்கள் வேனில்தான் வந்தாள், எங்கள் உத்தரவில்தான் அங்கே உட்கார்ந்தாள், அது எனக்குத் தெரியும், தினம் மோர் அனுப்பியவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு, அம்மா, இதைக் கொடுத்தால் கேஸ் உங்கள் பேரில்தான் வரும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். சோலைச்சாமியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சீசன் நேரத்தில் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். உன் அண்ணன் என்னோடு பேசவில்லை, மருமகள் சாப்பாட்டை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். என்னை என்ன செய்வார்களோ, அதைப் பற்றி நீ கவலைப்பட்டு டிக்கெட் போட வேண்டாம்.

உன்னிடம் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். பேனல் இருக்கிற பக்கமும் ஒரு கேமரா வைக்கட்டுமா என்று சோலைச்சாமி சித்திரையில் உன்னைப் போனில் கேட்டாராம். அந்தப் பக்கம் வேண்டாம்ணே, எங்க அண்ணன் பார்த்துக்குவான் என்று நீ சொன்னாயாம். அங்கே ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா. தெரியாது என்றால் நம்புகிறேன். தெரியும் என்றாலும் நீ என் மகள்தான், அதற்கு வேறு என்ன செய்ய முடியும். ஆனால் போனில் சொல்லாதே. உன் கையால் எழுது, எழுதிக் கீழே உன் பெயரைப் போடு.

தெய்வம் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், செழியனுக்கு என் முத்தம். அவனுக்குச் சொட்டு மருந்து விஷயத்தை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
லட்சுமிகாந்தம்