குலவையை எந்தப் பெட்டியில் வைப்பது

தல்லாகுளம், மதுரை
சனிக்கிழமை மதியம்

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கிளாஸ்கோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு, எங்களோடு சண்டை போடுகிற தெம்போடு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறாய், நான் அழுதுவிடுகிறேன், அப்பா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். அதனால்தான் கடிதம். கையால் எழுதினால் உன் போன் அதை உனக்கு வாசித்துக் காட்டாது என்பதால், நான் வேலை பார்க்கிற டைப்பிங் கடையிலேயே கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறேன், கோர்ட்டு லீவு, ஈ ஓட்டுகிறோம். அந்த மெஷின் குரலில் என் கோபம் கோபமாகக் கேட்காது, வேண்டிய இடத்தில் நீயே கொஞ்சம் சேர்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் முதலாக மேடையில் உன் எலக்ட்ரானிக் மியூசிக்கை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஆகாயத்தில் குதித்தவள் நீ. ஒத்திகையில் விளக்கைக் குறைத்ததும் டேப்லட்டில் விரல் எங்கேயோ பட்டு மொத்தப் பாட்டும் நின்றுவிட்டது, எல்லோரும் நீ பயந்துவிட்டாய் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள், நீயும் ஆமாம் பயம்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். டேப்லட்டா, அந்த ரப்பர் கட்டம் வைத்த சாம்ப்ளர் பெட்டியா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது, "ரெண்டுமே வேணாம்மா, வரலேன்னு சொல்லிறப் போறேன்" என்றாய். எதை மேடைக்கு எடுத்துப்போவது என்பதா உன் கவலை? பெற்றவளுக்குத் தெரியாதா? பார்வை ஓரத்தில் இருந்து சுருங்கிக்கொண்டே வரும், இருட்டில் ஒன்றும் தெரியாது, நடுவில் தெரிவது எத்தனை காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாரே, அதில்தான் நீ நிற்கிறாய். நாம் மூன்று பேரும் அன்றைக்குப் பேசி வைத்த மாதிரி வாயைத் தைத்துக்கொண்டோம். உன் கல்யாணப் பேச்சு, உன் வேலை, ஊர் வாய் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டுதான். அப்பா திங்கட்கிழமை காலையில் பேப்பரை இரண்டு குழாயாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு, நீ பார்க்கிறது எப்படி இருக்கும் என்று வீட்டுக்குள் நடந்து பார்த்தார். கிரைண்டரில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பேப்பரைப் பிரித்து மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்படிச் சும்மா இருக்க வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்லூருக்கு பஸ் ஏறினேன். பாண்டிராஜ் அண்ணன் தெரியுமல்லவா, அப்பா கடைக்கு பைக் சாமான் வாங்க வருவாரே, திருவிழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் இன்னிசைக் கச்சேரியில் ரிதம் பேட் வாசிக்கிறவர். நீ சொல்கிற பெட்டிக்கு அவர் பேடு சொந்தக்காரன் மாதிரிதான், வேண்டிய சத்தத்தை உள்ளே ஏற்றி வைத்துக்கொண்டு ரப்பரில் தட்டினால் அது வருகிறது. நீ விட்டுப்போன பழைய டேப்லட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். கீழ் வீட்டில் தறி ஓடுகிற ஓட்டத்தில் மாடியே அதிர்கிறது, அதற்கு நடுவில் அவர் எப்படித்தான் தாளம் பழகுகிறாரோ. நான் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டேன். "என்ன தங்கச்சி, கண்ணாமூச்சியா?" என்றார். ஒரு பந்தயம் அண்ணே என்று புளுகினேன்.

கேள், முதலில் டேப்லட். திரையில் இருப்பதை வாசிக்கிற குரலை, நீ போனில் சொல்லிக் கொடுத்த மாதிரியே, போட்டுக்கொண்டேன். விரல் போகிற இடமெல்லாம் இது வெட்டுவதற்கு, இது சேமிப்பதற்கு, இது முந்தின பக்கம் என்று சொல்லிக்கொண்டே வருகிறது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வழி சொல்கிற மாதிரி அம்புட்டு ஒத்தாசை. அண்ணன் அதில் ஏற்றிக் கொடுத்த பறைச் சத்தத்தில் முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு நானே வெட்டிவிட்டேன் என்றால் பார். ஆனால் தாளம் ஓட ஆரம்பித்ததும் கதை மாறிவிட்டது. ஒரு தட்டுக்கு அது பேர் சொல்கிறது, இன்னும் இரண்டு தட்டு தட்டினால்தான் சத்தம் வருகிறது, அதற்குள் தாளம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. குரலை நிறுத்தினாலோ வெறும் கண்ணாடி, எங்கே தடவினாலும் ஒரே வழவழப்பு, இதில் மே மாத வியர்வை வேறு.

அப்புறம் பேடு. ஆஹா, கை வைத்ததும் ஒரு நிம்மதி. கட்டத்துக்குக் கட்டம் ஓரம் இருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் என்னவோ நெருடியது, என்ன என்றால் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு! அண்ணன் சிரித்துக்கொண்டு, "என் பொஞ்சாதி பொட்டுத்தான் தங்கச்சி, மேடையில திடீர்னு லைட்ட அமத்திப்புடுவாய்ங்க, இதத் தடவித்தான் எடம் பிடிப்பேன்" என்றார். அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தப்பில்லாமல் அடித்தேன், முப்பது வருடமாக விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கிறவள் அல்லவா, எனக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது. சரி, பெட்டிதான் ஜெயித்தது என்று துண்டை அவிழ்க்கப் போனேன். அண்ணன் கொஞ்சம் பொறு என்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி வேறு சத்தங்களுக்கு மாற்றினார். நான் நாதஸ்வரம் என்று நினைத்துத் தட்டினேன், நாய் குரைத்தது. மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி பண்ண வைத்திருக்கிறாராம். மாற்றியதை அந்தப் பெட்டி ஒரு குட்டித் திரையில் நம்பராகக் காட்டுமே தவிர வாயைத் திறக்காது. கண்ணைக் கட்டியவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் உர்ரென்று உட்கார்ந்ததைப் பார்த்து அண்ணன்தான் சொன்னார்: "எதுக்கு தங்கச்சி ரெண்டையும் மல்லுக்கு விடுற? வீட்ல ஒக்காந்து வெட்டி ஒட்டுறதுக்குப் பேசுறத வச்சுக்க. மேடையில அடிக்கிறதுக்குப் பேசாதத வச்சுக்க. மேடைக்கு வேணுங்கிறது அம்புட்டையும் ஒரே கட்டா ஏத்திக்கிட்டா மாத்துற வேலையே இல்லயே." சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "ஆமா, யாருக்குக் கண்ணு சரியில்ல?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை அண்ணே என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். நல்ல மனுஷன், நம் காரியத்துக்காக அத்தனை நேரம் உட்கார்ந்தவர், அவரிடம்கூட நம் பிள்ளையைப் பற்றி ஒரு உண்மை சொல்ல முடியவில்லையே என்று.

இனிமேல்தான் கூத்து. உன் பாட்டுக்கு என் குலவை வேண்டும் என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டித் தாளத்தின் மேல் தூவப் போகிறேன் என்றாய், கொத்தமல்லியா அது? கல்யாணம், சடங்கு, பொங்கல் பானை பொங்குகிற நேரம் தவிர சும்மா குலவை போட எனக்கு நா எழும்பவில்லை, அதனால்தான் இழுத்தடித்தேன். நீ விட்டுவிடப் போகிறேன் என்றதும், சரி, இதையாவது அனுப்பினால் மனசு மாறுவாளா என்று, வியாழக்கிழமை சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அரிசி டிரம் மேல் டேப்லட்டைப் பதிவு பண்ண வைத்து, மூச்சை இழுத்து ஒன்று போட்டேன். அவ்வளவுதான், நான் வாயை மூடுவதற்குள் வாசலில் ஆள். பக்கத்து வீட்டு பிலோமினாள் டீச்சர் கையெல்லாம் மாவோடு ஓடி வந்து, "என்ன விசேஷம், சொல்லவே இல்ல?" என்கிறார். மாடியில் குடியிருக்கிறவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். முருங்கைக்காய் கொடுக்க வந்த உன் ஒச்சாயி அத்தை வாசலிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே வரும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "மீனாவுக்கு முடிஞ்சிருச்சு! கொலவ போட்டுட்டாக!" என்று உசிலம்பட்டிச் சொந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்கிறார்! மதினி, மதினி என்று நான் கத்துவது யார் காதில் விழுகிறது? கொஞ்ச நேரத்தில் அப்பா வருகிறார், கையில் லட்டு டப்பா. கடைக்குப் போன் மேல் போன் வந்து வாழ்த்துச் சொன்னார்களாம். "எங்கிட்டகூட மறச்சுட்டீகளே ஆத்தாளும் மகளும்" என்று அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அத்தை விடவில்லை. "கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்லேன்னா நடு வீட்ல எதுக்குடி கொலவ போட்ட?" என்று இடுப்பில் கை வைத்து நின்றார். பந்தயம் என்று இவரிடம் புளுக முடியுமா? அப்பாவைப் பார்த்தேன், அவர் லட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன் மீனா. உன் கண்ணைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, இருட்டில் நீ தடவித் தடவி நடப்பதைப் பற்றி, மேடையைப் பற்றி எல்லாவற்றையும் அத்தனை பேர் நடுவில் வைத்துச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ கோபப்படுவாய், படு, வாங்கிக்கொள்கிறேன். டீச்சர் மாவுக் கையோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் திக்கென்றது, ஐயோ பாவம், பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஒப்பாரி வைக்கப் போகிறார் என்று. அவரோ சட்டென்று, "கண்ணு கொறையுதுன்னு தெரிஞ்சும் எம்மருமக மேடை ஏறுறாளா?" என்றார். ஏற மாட்டேன் என்கிறாள் மதினி என்றேன். "ஏறுவா. எங்க வீட்டுப் பிள்ள, ஏறாம எங்க போவா? இது நல்ல காரியம் இல்லாம வேற எது நல்ல காரியம்? எந்திரிங்கடி" என்று அவரே ஆரம்பித்தார் பார், நான் போட்டதெல்லாம் ஒரு குலவையா! மாடி வீட்டுக்காரர்கள், நான், எல்லோரும் சேர்ந்துகொண்டோம். டீச்சர் பழக்கம் இல்லாமல் போட்டது குக்கர் விசில் மாதிரி வந்தது, எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பா லட்டைப் பங்கு வைத்தார். டேப்லட் அத்தனையையும் பிடித்து வைத்திருக்கிறது, அப்படியே அனுப்பியிருக்கிறேன். நான் மூக்கை உறிஞ்சுவதை மட்டும் வெட்டிவிடு.

அத்தை போன் பண்ணிய இடத்துக்கெல்லாம் திரும்பப் போன் பண்ணி, "கல்யாணம் இல்லப்பா, கச்சேரி" என்று சொல்லி, கண் விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார். நாம் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு சாயங்காலத்தில் உசிலம்பட்டி தாண்டிப் போய்விட்டது. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை மீனா. நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள்தான். ஒருத்தர் ஏதோ வேர் அரைத்து ஊற்றச் சொன்னார், அப்பா போனை வைத்துவிட்டார். மற்றபடி எல்லோரும் எப்போது கச்சேரி, போனில் பார்க்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். நேற்று நானே பாண்டிராஜ் அண்ணனுக்குப் போன் போட்டு, என் மகளுக்குத்தான் அண்ணே என்று சொன்னேன். "தெரியும் தாயி" என்றார். நேற்று ராத்திரிதான் நான் எத்தனை நாளைக்கு அப்புறமோ வயிறாரச் சாப்பிட்டேன்.

என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். வெட்டி ஒட்டுகிற வேலையை உன் அறையில் டேப்லட்டில் செய். மேடைக்கு, அங்கே இரவல் தருவதாகச் சொன்னார்களே, அந்தச் சாம்ப்ளரை முன்கூட்டியே வாங்கிக் கைக்குப் பழக்கு. எந்தக் கட்டத்தில் எது என்று விரலுக்கு மனப்பாடம் ஆகும்வரை விளக்கை அணைத்து அடித்துப் பார். நாளைக்குப் புதிதாக வேறு ஏதாவது வந்தால் அதற்கு மாறிக்கொள், இதோடு என்ன, தாலியா கட்டிக்கொள்கிறாய். கண்ணுக்கு விடுகிற மருந்தை மறக்காதே, குளிரில் காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. நம் குலசாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும், உன் கையும் காதும் மனசும் குறைவில்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அத்தையும் நானும் சேர்ந்து ஆசீர்வாதம் பண்ணுகிறோம்.

ஒன்றே ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். இங்கே நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். அங்கே நீ சொல்ல வேண்டியது ஒருத்தியிடம்தான், அந்த நிகழ்ச்சியை நடத்துகிற பெண்ணிடம். அன்றைக்குப் பட்டது பயம் இல்லை, எனக்கு இருட்டில் கண் தெரியாது, மேடைப் படியில் ஒரு விளக்கு வேண்டும், ஏறுவதற்கு ஒரு கை வேண்டும் என்று சொல் தாயி. சொல்லிவிட்டு, உனக்குப் பிடித்த எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஏறு.

உன் வாயாடி அம்மா,
நாகஜோதி அழகுபாண்டி