இரண்டு கரண்டி சீஸ்

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுக்க மாட்டேங்குத, அதான் ஸ்பீடு போஸ்ட்ல எழுதுதேன்.

ரெண்டு வருஷம் முன்ன தீபாவளிக்கு வந்தப்ப, சிப்ஸுக்குத் தொட்டுக்க ஒரு டப்பா சீஸ் டிப் கொண்டு வந்தே. "கோவில்பட்டியில கடலைமிட்டாய் போடுதவன் வீட்டுல இந்தப் போஸ்டர் பசையா?"ன்னு உங்கப்பா அதை மாப்பிள்ளை முன்னாலயே தெருவுல வீசினாவ. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடாமலே கிளம்பிட்டீங்க. நான் வாய் திறக்கல. அது என் தப்புதான்.

இப்ப உங்கப்பாவுக்குத் தொண்டையில புத்துநோய்க் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில ரேடியேஷன் கரண்டும் வச்சுப் பாத்தாச்சு. போன வாரம் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, பிடிச்சதைக் குடுங்க"ன்னுட்டாரு. பிடிச்சது கடலைமிட்டாய்தானே? பொடிச்சுக் குடுத்தேன், வாயெல்லாம் ரத்தம் வந்துட்டு. கஞ்சியும் எரியுதுன்னு தள்ளிட்டாவ.

நேத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில அதே மாதிரி டப்பாவைப் பாத்தேன். வேற வழி தெரியாம வாங்கிட்டு வந்து ஊட்டினேன். ரெண்டு கரண்டி இறங்குச்சு. மூணு நாளைக்குப் பிறகு வயித்துல விழுந்தது அதுதான்.

"யாரு வாங்குனது?"ன்னு கேட்டாவ.

"உங்க மக அனுப்பிருக்கா"ன்னேன்.

சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. தோள் குலுங்குச்சு. திரும்பாமலே, "வரச் சொல்லு"ன்னாவ.

டப்பாவுல பாதிதான் இருக்கு, சீக்கிரம் வா. வந்ததும் அப்பாகிட்ட, 'டப்பா நான்தான் அனுப்பினேன்'னு நீயும் சொல்லிருட்டி.

உன் அம்மா